கயிற்றில் கை வைத்தவளின் பங்கு

நான் சவர்க்காரம் விற்கிறேன் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். என்னை வேலைக்கு எடுத்த கொழும்பு நிறுவனம் சவர்க்காரமும் பற்பசையும் செய்வது. மாதமொரு தடவை வீட்டுக்கு நான் கொண்டுவந்த பொதியிலும் அவைதான் இருந்தன. ஆகவே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லையென்று சொல்ல முடியாது. "புள்ளைகளோட விளையாடுறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்று உம்மா கேட்டார். வாப்பா இன்னும் இரக்கமுள்ளவர். "விக்கிறது ஹலாலான சாமான்தானே, வெக்கப்படாம சொல்லு மகள்" என்றார். மாதர் சங்கத்துப் பெண்களிடம் என் மூத்த சகோதரர், எங்கள் நானா, என்னை அறிமுகப்படுத்தும்போது, மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தருவேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் மஞ்சள் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்றை நம்பியிருப்பார்கள். திருத்த முயலாதீர்கள். நான் பதினெட்டு வருடம் முயன்று பார்த்தேன். உம்மாவின் ஜனாஸாவுக்கு வந்த தூரத்து உறவினர் ஒருவர் கூட, எனக்கு ஆறுதல் சொல்லி முடித்த கையோடு, நுரை கூடிய சவர்க்காரம் எது என்று விசாரித்தார்.

சிறுவர் வட்டத்தை எப்படி நடத்துவது, எந்த விளையாட்டை எத்தனை நிமிடம் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டின் முதற்பதிப்பில் படங்களிலிருந்த பிள்ளைகள் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள் என்பதையும், உடப்பு என்ற மீனவக் கிராமத்துப் பிள்ளைகள் அவர்களுக்குத் தலையில் காயம் என்று முடிவுசெய்து பரிதாபப்பட்டார்கள் என்பதையும் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்லப் போவது கையேட்டில் இல்லாத ஒரு காலைப் பொழுதைப் பற்றி.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நிறுவனம் தன் சமூகசேவையாகப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பிள்ளைகளுக்கான வட்டங்களைத் தொடங்கியது. உடப்பில் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட முப்பது பிள்ளைகள். விளையாட்டினூடே அவர்கள் கூடி வேலை செய்யவும், யோசித்து முடிவெடுக்கவும், நேரத்தை மதிக்கவும் பழக வேண்டும். மூன்று மாதம் பழக்கியபின் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து பட்டியலில் கையொப்பமிடுவார். அதற்குப் பின் அந்த வருடம் முழுவதும் அந்த முப்பது பேருக்குத்தான் வட்டம். சுற்றுலாவும் புத்தகப் பையும் அவர்களுக்குத்தான். ஒரு பெயரும் கூடாது, குறையாது.

அந்த முப்பதில் பதினோராவது பெயர் நிரோஜா. வயது பதினொன்றரை. அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும். ஆகவே வட்டத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு வருடம்தான். முடிவெடுக்கும் விளையாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. "படகு கவிழ்கிறது, மூன்று பொருளை மட்டும் எடுக்கலாம், எதை எடுப்பாய்?" என்று கையேடு கேட்டபோது மற்றவர்கள் தண்ணீர்ப் போத்தல், கயிறு, டோர்ச் என்று சொல்ல, அவள் மட்டும், "முதல்ல யாருக்கு நீந்தத் தெரியாதெண்டு பாக்கோணும் மிஸ், சாமான் பிறகு" என்றாள். கையேட்டின் விடைப் பக்கத்தில் அது இல்லை. நான் அதைப் பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்.

அப்படிப்பட்டவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிந்தி வந்தாள். பத்து நிமிடம், அரை மணித்தியாலம், ஒரு நாள் முக்கால் மணித்தியாலம். சட்டையின் கீழ்ப்பகுதி நனைந்திருக்கும். கையில் ஒரு சொப்பிங் பேக் இருக்கும். அதை வாசலுக்கு வெளியே வேலியில் மாட்டிவிட்டு வந்து உட்காருவாள்.

"ஏன் பிந்தினது?" என்று கேட்டேன்.

"வலை பிந்திட்டு மிஸ்."

நான் மன்னார்ப் பட்டினத்தில் பிறந்து, தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் நடுவே வளர்ந்தவள். வலை பிந்தினால் பதினொரு வயதுப் பெண் பிள்ளைக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. வெறும் சாட்டு, பொய்க் காரணம் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு நின்றிருக்கலாம். நேரத்தின் அருமை பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் செய்தேன். ஓடுகிற புகையிரதத்தை உவமையாக எடுத்தேன். உடப்பில் புகையிரதமே இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டு, "ஓம் மிஸ்" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் பிந்தினாள்.

மூன்றாம் தடவையோடு, விதிப்படி, சிவப்புப் பேனையால் அவள் பெயரை வெட்டினேன். காத்திருந்த இன்னொரு பிள்ளையின் பெயரை அதே வரியில் மேலே எழுதி முப்பதை நிறைத்தேன். அன்று திரும்பும் வழியில் எங்கள் வாகனச் சாரதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சிலாபத்துச் சிங்களவர், என்னைவிட நன்றாகத் தமிழில் பகிடி விடுவார். எத்தனையோ நிறுவனங்களின் எத்தனையோ திட்டங்களை அந்த வாகனத்தின் ஆசனத்திலிருந்தே பார்த்து முடித்தவர்.

"அனே மிஸ், அந்தப் பிள்ளைட்ட கேள்வி கேட்டீங்க, என்ன?"

"கேட்டேனே."

"ஓம், கேட்டீங்க. பதிலையும் நீங்களே சொன்னீங்க. பிள்ளைக்கு வேலை மிச்சம்."

எனக்குக் கோபம் வந்தது. பாதையைப் பார்த்து ஓட்டும்படி சொன்னேன். அவர் பாதையைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இனி கயிற்றுக்கு வருகிறேன்.

கையொப்ப நாளுக்குக் கயிறிழுத்தல் வைக்க வேண்டும் என்பது கொழும்பு அலுவலகத்தின் விருப்பம். நீல அணி, மஞ்சள் அணி, பின்னால் கடல், மேலே பதாகை. படம் அழகாக வரும். இரண்டு வாரத்துக்கு முன் ஒத்திகை பார்த்தேன். மணலில் கயிற்றை நீளமாகப் போட்டு, நடுவில் சிவப்புக் கைக்குட்டை கட்டி, வலப்பக்கம் பதினைந்து, இடப்பக்கம் பதினைந்து பிள்ளைகளை நிறுத்தி விசில் ஊதினேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து நிற்கவில்லை. முப்பது பேரும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். இரண்டு அணியும் தன் தன் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு, கால் ஒத்துப் பின்னோக்கி நடந்தன. யாரோ ஒருவன் இழுவைப் பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏந்திக்கொண்டார்கள். நடந்தபடியே இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கின, கயிறு வளைந்தது, வளைவின் நடுவில் என் கைக்குட்டை மணலில் உராய்ந்துகொண்டு வந்தது. தென்னைமரம் வரை இழுத்து முடித்ததும் நீல அணித் தலைவன் கஜன் ஓடிப்போய்க் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"மிஸ், மடி வெறுமையா வந்திருக்கு!"

முப்பது பேரும் சிரித்தார்கள். கரைவலை அப்படித்தான் இழுபடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கும். நடுவில் மடி என்கிற மீன்பை கரையேறும். கயிற்றின் மறுமுனையில் இன்னொரு பிள்ளை நின்று எதிர்த்திழுக்கும் என்பது அவர்கள் வாழ்வில் கண்டிராத விநோதம்.

கூடி வேலை செய்யப் பழக்க வந்தவள் நான். அவர்கள் என் கண்முன்னே கூடி வேலை செய்து காட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வாரம் பாடுபட்டு அதைத் திருத்தினேன். எதிரெதிரே நின்று இழுக்கப் பழக்கினேன். "அவங்க எங்களுக்கு என்ன செஞ்சவங்க மிஸ்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்கும் ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. மறந்தது நல்லது.

கையொப்ப நாள் வந்தது. கடற்கரையில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், மேசை மேல் முப்பது புத்தகப் பைகள். ஒவ்வொன்றிலும் கொப்பிகள், வர்ணப் பென்சில்கள், கொம்பாஸ் பெட்டி, சொல்லவே தேவையில்லை, சவர்க்காரமும் பற்பசையும். அதிகாரி இளைஞர், தமிழ் தெரிந்தவர், சப்பாத்துக்குள் மணல் போகாமலிருக்க ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார். என் பதிவேட்டை வாங்கிப் புரட்டி, "நீட்டா வச்சிருக்கிறீங்க மிஸ்" என்றார். நான் மகிழ்ந்தேன். சற்றுத் தள்ளி உண்மையான கரைவலை ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த பாட்டுச் சத்தம் தன் ஒலிவாங்கிக்கு இடைஞ்சல் என்று அவர் முகம் சுளித்தார்.

விசில் ஊதினார். பிள்ளைகள் என் இரண்டு வாரப் பாடத்தை மறக்கவில்லை. எதிரெதிரே நின்று பல்லைக் கடித்து இழுத்தார்கள். மஞ்சள் அணி சறுக்கத் தொடங்கியது. அப்போது வலைப்பக்கமிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். முழங்கால் வரை ஈரம். கையிலிருந்த சொப்பிங் பேக்கை என் கையில் திணித்து, "இத ஒருக்காப் புடிங்க மிஸ்" என்றுவிட்டு, மஞ்சள் அணியின் கடைசியில் போய்க் கயிற்றைப் பற்றினாள். பைக்குள் சூடை மீன்கள் இன்னும் துடித்தன.

நீண்ட விசில். கயிறு தளர்ந்தது.

"ஸ்டொப், ஸ்டொப். இந்தப் பிள்ளை யாரு? லிஸ்ட்ல இருக்கிறவவா?" என்றார் அதிகாரி.

அவர் நிரோஜாவைப் பார்த்து, குரலை இறக்கி, "தங்கச்சி, நீங்க அங்கால போய் நில்லுங்க. லிஸ்ட்ல உள்ளாக்களுக்குத்தான் இது" என்றார்.

அவள் கையை எடுத்தாள். அதற்குள் கஜன் வந்துவிட்டான். எதிரணித் தலைவன் அவன். வெற்றி அவன் கைக்கு வந்துகொண்டிருந்த நேரம்.

"அது ஏலாது சேர். அவ கயித்துல கை வச்சிட்டா."

"அதுக்கு?"

"மடி கரையேற முந்திக் கை வச்சா பங்கு குடுக்கோணும். கடைசியா வந்தாலும் குடுக்கோணும்."

"இது வலை இல்லையே தம்பி. போட்டி."

"கயிறுதானே சேர்" என்றான் கஜன். "பங்கு இல்லையெண்டு சொன்னா அடுத்த வலை வெறும் மடியாத்தான் வரும். எங்கட அப்பா என்னத்தான் அடிப்பார்."

"இவ எப்பவும் இப்பிடித்தான் பிந்தி வாறதா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவட அப்பாவுக்குக் காலில அடி பட்டுட்டு சேர், கடலுக்குப் போறதில்ல. அம்மாவுக்குக் கைப்பிள்ளை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லத்தானே, இவதான் போய்க் கயிறு புடிக்கிற. புடிச்சாத்தான் வீட்டுக்குக் கறி. வலை பிந்தினா இவவும் பிந்துவா." பிறகு என்னைப் பார்த்து, பாடம் ஒப்புவிப்பவன்போல, "அது மிஸ்ஸுக்குத் தெரியும். மிஸ்ஸிட்ட அவ சொன்னவ" என்றான்.

வலை பிந்திட்டு மிஸ். ஓம், சொன்னவள்தான்.

தொண்ணூறில் நாங்கள் புத்தளத்துக்கு வந்திறங்கிய நாட்களில், நிவாரண வரிசையில் ஒருவர் பட்டியலைப் பார்த்து, எங்கள் குடும்பப் பெயர் இல்லை என்று உம்மாவிடம் சொன்னார். கெட்டவரல்ல. பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தவர், அவ்வளவுதான். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. அதே முகத்தோடு நான் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்திருந்தேன் என்பதை, கையில் துடிக்கும் மீன்பையோடு அன்று உணர்ந்தேன்.

அதிகாரி மேசையைக் காட்டினார். "முப்பது பை. முப்பது பேர். முப்பத்தோராவது ஆளுக்கு நான் எங்க போறது?"

கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் தேடவே இல்லை. அவர்களுக்கு அது கஷ்டமான கணக்கு அல்ல. கஜன் முதல் பையைத் திறந்து மணலில் விரித்த தன் துவாயில் கவிழ்த்தான். நான் தடுப்பதற்குள் நீலமும் மஞ்சளும் ஒன்றாகிவிட்டன. முப்பது பைகளும் காலியாயின. கொப்பிகள் ஒரு பக்கம், பென்சில்கள் ஒரு பக்கம். பென்சில் பெட்டிகளையும் உடைத்தார்கள். பின் அவை எல்லாவற்றையும் முப்பத்தொரு கூறாக, மீன் கூறு வைப்பதைப்போலவே, வரிசையாக வைத்தார்கள். சரியாகப் பிரியாத கொம்பாஸ் பெட்டிக்குப் பதில் இரண்டு கொப்பி கூட, சவர்க்காரம் கிடைக்காத கூறுக்குப் பற்பசை இரண்டு என்று அவர்களுக்குள்ளேயே வழக்குப் பேசித் தீர்த்தார்கள். காலிப் பைகளைக் கூறுக்கு ஒன்றாக வைத்தபோது ஒரு கூறுக்கு மட்டும் பை இல்லை. கொழும்பிலிருந்து பளபளக்கும் காகிதத்தில் முத்திரையிட்டு வந்த பரிசுகள் மணலில் கிடந்ததைப் பார்த்து அதிகாரி, "ஐயோ, போட்டோ எடுக்கவும் இல்லையே" என்றார்.

கூறு வைத்தபின் ஒரு வழக்கம் உண்டு. கூறுகளைப் பாராமல் ஒருவர் முதுகு காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டியவர் ஒரு பெயர் சொல்வார். சொன்னது சொன்னதுதான்.

"சேர் நில்லுங்க" என்றாள், ஒத்திகை நாட்களில் என்னைக் கேள்வி கேட்ட அந்தச் சிறுமி. "சேருக்குத்தான் எங்கள ஒருத்தரையும் தெரியாது. ஒருத்தர் பக்கமும் சாய மாட்டீங்க."

"நானா?"

"கடலப் பாத்து நில்லுங்க சேர். திரும்பக் கூடாது."

எங்கள் சாரதி வாகனத்தில் சாய்ந்தபடி, "போங்க சேர், இது பெரிய பதவி" என்றார். அதிகாரி கடலைப் பார்த்து நின்றார். பெயர் தெரியாதவர் என்ன செய்வார்? என் பதிவேட்டை விரித்தார். கஜன் தொட்டுக் கேட்கக் கேட்க, அங்குமிங்குமாக ஒரு பெயரைத் தேர்ந்து வாசித்தார். ஏழாவதாக, பை இல்லாத கூறைக் கஜன் தொட்டபோது அவர் வாசித்த பெயர் கஜன். எல்லோரும் கூவினார்கள். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பின் சட்டையை மடித்துப் பிடித்து அதில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டான். "சரி. அடுத்தது யாருக்கு?"

முப்பது பெயரும் முடிந்தன. ஒரு கூறு மீதி.

"இது யாருக்கு?" என்றான் கஜன்.

அதிகாரி திரும்பவில்லை. அவர் விரல் பதினோராம் வரியில் நின்றதை நான் பார்த்தேன்.

"மிஸ், இந்தச் சிவப்பால வெட்டினது யாருட பேரு?"

பொய்யொன்று தயாராக இருந்தது. எழுத்துப் பிழை என்று சொல்லியிருக்கலாம். நீட்டாக வைத்திருப்பவள் என்று பெயர் எடுத்தவள் அல்லவா? கையொப்பமிடாமல் அவர் திரும்பிப் போனால் முப்பது பேரின் வருடமும் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

"அவளுடையதுதான் சேர். நான் வெட்டினது."

"காரணம் கேக்காமலா?"

"கேட்டேன். பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்."

வாகனத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது.

அதிகாரியின் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அசையவில்லை. பிறகு முன்னே பார்த்தபடியே பதிவேட்டையும் பேனையையும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

"எனக்குத் திரும்பக் கூடாதாம். நீங்க எழுதித் தாங்க மிஸ், நான் வாசிக்கிறன்."

மீன்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழுதினேன். முப்பத்தொன்று. என் கையில் ஒட்டியிருந்த செதில் ஒன்று தாளில் ஒட்டிக்கொண்டது. அவர் வாங்கி, அதுவரை வாசித்த எல்லாப் பெயரையும்விடச் சத்தமாக வாசித்தார். நிரோஜா கூறைப் பையில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் கண் கலங்க ஆயத்தமானேன்.

"மிஸ், மீன வெயில்ல வச்சிட்டீங்க" என்றாள்.

கயிறிழுப்பில் யார் வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி முப்பத்தொரு பெயருக்கும் கீழே கையொப்பமிட்டு, அடுத்த சனிக்கிழமையிலிருந்து வட்டத்தைப் பத்தரை மணிக்கு மாற்றலாமா என்று கேட்டார். வலை எத்தனை மணிக்கு முடியும் என்று கஜனிடம் விசாரித்தபிறகே கேட்டார். ஒரு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து தனியாக ஒரு புத்தகப் பை வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கடிதமும் இல்லை. பை கிடைக்காத கஜனின் சட்டை அன்று பாரத்தில் கிழிந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பிள்ளையிடம் கேள்வி கேட்டால், கேட்டபின் சற்று நேரம் சும்மா இருங்கள். பதில் விளங்காவிட்டால் இன்னொரு கேள்வி கேளுங்கள், புகையிரதத்தை இழுக்காதீர்கள். பட்டியலில் பெயரை வெட்டும் உரிமை உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. பென்சிலால் வெட்டுங்கள்.

நிறுவனம் சில வருடங்களில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்த அதிகாரி கடல் கடந்து போனதாகக் கேள்வி. சாரதி காலமாகிவிட்டார், சிலாபத்தில் அவர் மரண வீட்டில் எனக்கு அழவும் முடியவில்லை, அவர் சொல்லியிருக்கக்கூடிய பகிடிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தன. கஜன் கட்டாரில். வாப்பாவும் போய், உம்மாவும் போய், நானா தன் குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிவிட்டார். புத்தளத்து வீட்டில் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமைகளில் இரண்டு பேர். நிரோஜா இப்போது இங்கே ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து பகல் சாப்பாட்டுக்கு வருவாள். ஒரு மணிக்கு வருவதாகச் சொல்வாள். நான் இரண்டு மணிக்குத்தான் சோறு போடுவேன்.